பித்தளையா, பேரீச்சம்பழமா?

சைக்கிளில் எது உடைந்தாலும் கடைக்காரர் உடனே ஒரு விலை சொல்லிவிடுவார். டியூபா, இவ்வளவு. ஸ்போக்ஸ் கம்பியா, ஒன்றுக்கு இவ்வளவு. ரிம்மில் கோட்டம் எடுக்கணுமா, இவ்வளவு. ஆனால் ஃபிரேமில் விரிசல் என்று கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். விலை வராது. சைக்கிளை ஒரு பார்வை, கொண்டுவந்தவரை ஒரு பார்வை. அப்புறம்தான் "என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?" என்று ஒரு கேள்வி வரும்.

விலை தெரியாமல் அவர் அப்படிக் கேட்பதில்லை. பற்ற வைத்துத் தரலாம். வேறு ஃபிரேம் மாற்றித் தரலாம். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க" என்றும் சொல்லலாம். மூன்றில் எது சரி என்பது சைக்கிளை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமில்லை. அதனால்தான் முகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்.

சைக்கிளில் மற்றதெல்லாம் வந்து போகிற விருந்தாளிகள். டயர், செயின், பிரீவீல், பெடல், சீட்டு... பத்து வருஷம் ஓடிய சைக்கிளில், வாங்கிய நாளில் இருந்த பாகங்கள் எத்தனை மிச்சம் என்று எண்ண ஒரு கை விரல்களே அதிகம். ஃபிரேம் ஒன்றுதான் வீட்டுக்காரர். கம்பெனி நம்பர் குத்தியிருப்பதும் அதில்தான். டயரை மாற்றினால் "என் சைக்கிளுக்கு டயர் மாத்தினேன்" என்கிறோம். ஃபிரேமை மாற்றினால் அது இன்னும் அதே சைக்கிள்தானா என்று கொஞ்சம் யோசனை வருகிறது.

அந்த யோசனையில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். உடைந்த ஃபிரேமைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்டுக்கொள்வது, "இதை எப்படித் தூக்கிப் போடுவது?" அடுத்தது, "எவ்வளவு ஆகும்?" கடைசியில், அதுவும் கடைக்காரர் சொன்னால்தான், "எங்கே விட்டிருக்கிறது?" பாசம், பணம், இடம் என்ற இந்த வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரும்புக்கு ஒரு நல்ல குணம்

இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால், இரும்பு ஃபிரேமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விவாதம் என்று பார்த்துவிடலாம். கார்பன் ஃபைபர் ஃபிரேமும் அலுமினிய ஃபிரேமும் உடைந்தால் தெருமுனைக் கடையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். இரும்பில் மட்டும்தான் கை வைக்கிறார்கள். காரணம் அது செய்யப்படும் விதம்.

1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். ஒரே அளவுக்கு நெருக்கமான இரண்டு சக்கரம், நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின். அதற்குப்பின் வந்த சில வருடங்களிலேயே இன்று வரை மாறாத அந்த வைர வடிவ ஃபிரேம் நிலைத்துவிட்டது. முன்னால் ஒரு பெரிய முக்கோணம், பின்னால் மெல்லிய குழாய்களால் இன்னொரு முக்கோணம். மேலே படுத்திருக்கும் குழாயைத்தான் நம் ஊரில் 'பார்' என்கிறோம். ஹேண்டிலுக்கு அடியிலிருந்து பெடலுக்குச் சாய்வாக இறங்குவதைச் சாய்குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் தண்டு நுழையும் குட்டையான குழாய்க்குத் தலைக்குழாய் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

பழைய பாணி ஃபிரேம்களில் இந்தக் குழாய்கள் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதில்லை. 'லக்' என்ற இரும்பு உறைக்குள் குழாயைச் செருகி, இடைவெளியில் பித்தளையை உருக்கி ஓடவிட்டு ஒட்டுகிறார்கள். பித்தளைக் கம்பி சுமார் 900 டிகிரி செல்சியஸில் உருகும். இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் போக வேண்டும். ஆகவே பித்தளை தண்ணீராக ஓடும்போதும் குழாய் சிவந்து பழுக்குமே தவிர உருகாது. இதில் ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. சூடாக்கி ஒட்டியதை மறுபடி சூடாக்கினால் பிரிக்கலாம். கெட்டுப்போன ஒரு குழாயை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஐரோப்பாவில் நல்ல ஃபிரேம்களுக்கு இதை இன்றும் செய்கிறார்கள்.

இரண்டாவது நல்ல குணம், இரும்பு வளைந்து கொடுக்கும். சாலை ஓரக் கல்லில் மோதி லேசாகக் கோணிய ஃபிரேமைச் சூடு காட்டாமலே நெம்பி நேராக்கிவிடலாம். அலுமினியத்தில் அந்தத் துணிச்சல் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் கடைசியில் ஒடிந்துவிடும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பெரிய இரும்பு அச்சுகளுக்கும் இந்தக் களைப்பு உண்டு என்பதை உலகம் ரத்தம் கொடுத்துத்தான் கற்றது. 1842 மே 8-ஆம் தேதி, பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, தீப்பிடித்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு ஜெர்மனியில் அவுகுஸ்ட் வோலர் என்ற பொறியாளர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை வருடக்கணக்கில் சோதித்தார். அதன் பலனாகக் கிடைத்த அறிவு இது: இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் இருக்கும் பாரத்தை எத்தனை லட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. சின்ன பாரமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

தாத்தா காலத்து சைக்கிள் பேரனுக்கும் ஓடுவதன் ரகசியம் இதுதான். ஆனால் இந்தச் சலுகைக்கு நிபந்தனை இருக்கிறது. துரு ஏறினால் வரம்பு போச்சு. ஆழமான கீறல் விழுந்தால் போச்சு. மோசமாகப் பற்ற வைத்தாலும் போச்சு. அதற்குப் பிறகு அது களைக்கும் இரும்பு.

எங்கே விட்டிருக்கிறது?

சரி, முதல் கேள்விக்கு வருவோம். சைக்கிளைத் துடைத்துவிட்டு வெயிலில் நிறுத்துங்கள். அழுக்கோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் முன் ஃபோர்க். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஃபோர்க் பின்னால் தள்ளியிருந்தாலோ, இரண்டு கால்களும் சேரும் தோள்பட்டையில் விரிசல் தெரிந்தாலோ அதோடு பேச்சு முடிந்தது. பற்ற வைக்காதீர்கள். யார் எவ்வளவு உறுதி சொன்னாலும் வேண்டாம். பின்னால் ஏதாவது விட்டால் சைக்கிள் தள்ளாடும், கத்தும், நிற்க நேரம் கொடுக்கும். ஃபோர்க் முறிந்தால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். ஹேண்டில்பாருக்கும் இதே சட்டம். நல்லவேளையாக ஃபோர்க் தனிப் பாகம். புதிதாகக் கிடைக்கும், விலையும் தாங்கக்கூடியதுதான்.

அடுத்து, தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால் பாரின் அடியிலும் சாய்குழாயின் அடியிலும் விரலால் தடவுங்கள். சுவரிலோ வண்டியிலோ நேருக்கு நேர் மோதிய சைக்கிளில் அங்கே ஒரு சுருக்கம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். பெயின்ட் வெடித்திருக்கும். இது மோசமான இடம். குழாய் கசங்கிவிட்டது என்று அர்த்தம். கசங்கிய காகிதத்தை நீவி விடலாம், ஆனால் மடிப்பு போகாது. அந்தக் குழாயையே மாற்ற வேண்டும், அல்லது ஃபிரேமை மாற்ற வேண்டும். ஃபோர்க்கை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டுவது பலரும் செய்வது. செய்யக்கூடாதது.

மூன்றாவது, கோணல். கையை விட்டு ஓட்டினால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஒரு நூல் போதும் கண்டுபிடிக்க. பின் ஆக்சில் உட்காரும் காடி ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கக் காடிக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீட்டுக் குழாயிலிருந்து இரண்டு பக்கமும் நூல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் சமமென்றால் பின்பக்கம் நேராக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் கோணல். பயப்பட வேண்டாம், இது கேட்பதற்குத்தான் பெரிய வியாதி. கைப்பழக்கமுள்ள ஒருவர் நெம்பி நேராக்கிவிடுவார். உடைசல் வகைகளிலேயே மலிவானது இது.

நான்காவது, விரிசல். பெடல் அச்சு ஓடும் இடம், சீட்டுக் குழாயின் மேல்முனை, பின் காடிகளின் ஓரம் என்று குழாய்கள் சேரும் மூட்டுகளில் வரும். பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு கோடு, அந்தக் கோட்டில் துரு கசிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஒரு பழைய வைத்தியம். பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புக்கட்டித் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளையில் கோடு போடும். ரயில்வே பட்டறைகளில் எஞ்சின் பாகங்களை இந்த முறையில்தான் ஒரு காலத்தில் சோதித்தார்கள். ரயிலுக்கு உதவியது சைக்கிளுக்கு உதவாதா என்ன :)

ஐந்தாவது, துரு. மேலே தெரியும் துரு பெரும்பாலும் அழகுப் பிரச்சினை. உள்ளே இருக்கும் துருதான் ஆபத்து. சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் பெடல் அச்சுப் பக்கம் தேங்கும். அங்கே ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று வரும் சத்தம் மக்கிய இடத்தில் மழுங்கிப் போகும். கூர்முனையை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது என்றால், அதன்மேல் எந்தப் பித்தளையும் ஒட்டாது. ஒட்ட இரும்பு வேண்டுமே.

ஆக, இந்த முதல் கேள்வி மட்டுமே பாதிச் சைக்கிள்களுக்குத் தீர்ப்பு சொல்லிவிடும். கோணலா, சரி செய்யலாம். மக்கிவிட்டதா, விட்டுவிடலாம். சாய்குழாய் கசங்கியதா, சாதாரண சைக்கிளென்றால் விட்டுவிடலாம். மூட்டில் விரிசலா... அங்கேதான் இரண்டாவது கேள்வி நுழைகிறது.

எவ்வளவு ஆகும் என்பது எத்தனை நாளுக்கு?

விரிசல் விட்ட ஃபிரேமைக் கொண்டு போக நம் ஊரில் இரண்டு இடம் உண்டு. ஒன்று கேட்டு, ஜன்னல் கம்பி செய்யும் கிரில் பட்டறை. அங்கே ஆர்க் வெல்டிங். ஐந்து நிமிஷ வேலை, கொஞ்சம் காசு. இன்னொன்று கேஸ் வைத்துப் பித்தளையில் பற்றவைக்கத் தெரிந்த ஆள். இவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கிரில் பட்டறைக்காரர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் கை பழகியது தடித்த கம்பிக்கும் பட்டைக்கும். சைக்கிள் குழாய் மெல்லிசு. ஆர்க்கின் சூடு ஒரே புள்ளியில் இறங்கி ஓட்டை விழும். ஓட்டையை அடைக்க மேலே மேலே உலோகத்தை வைப்பார். கடைசியில் அங்கே ஒரு மேடு நிற்கும். மேடு கெட்டியாக இருக்கும், அதன் ஓரத்தில் குழாய் பலவீனமாக இருக்கும். ஓட்டும்போது ஃபிரேம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்க வேண்டியது, அந்த மேட்டின் ஓரத்தில் மட்டும் வளைய ஆரம்பிக்கும். ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்தில் விடும். "வெல்டிங் விட்டுப்போச்சு" என்று திட்டுகிறோமே, கூர்ந்து பார்த்தால் பல சமயம் வெல்டிங் விட்டிருக்காது.

நல்ல வேலை எப்படி இருக்கும்? பெயின்ட்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை எடுப்பார்கள். விரிசலின் முனை எங்கே முடிகிறது என்று தேடி அங்கே ஒரு சின்னத் துளை போடுவார்கள். கூரான முனைதான் மேலே மேலே கிழித்துக்கொண்டு போகும், வட்டத் துளையில் அந்தக் கூர் மழுங்கிவிடும். பிறகு குழாயின் மேல் ஒரு பட்டையோ அரை உறையோ வைத்துப் பித்தளையை ஓடவிடுவார்கள். பாரம் ஒரு புள்ளியில் இறங்காமல் பரவும். தண்ணீர் ஊற்றி அவசரமாகக் குளிர வைக்காமல் தானாக ஆற விடுவார்கள். கடைசியில் உள்ளே எண்ணெய், வெளியே பெயின்ட். இப்படிச் செய்ய அரை நாள் ஆகும். அரை நாளுக்கான கூலியும் ஆகும்.

இப்போது கணக்கு. இங்கே பி.காம். புத்தகங்கள் கொஞ்சம் உதவும். முதல் பாடம், மூழ்கிய செலவு. போன மாதம் புது டயர் போட்டோமே, ஓவராயில் செய்தோமே என்பதெல்லாம் திரும்பி வராத பணம். அதை இன்றைய முடிவுக்குள் இழுக்கக் கூடாது. (அந்த டயரைப் புது ஃபிரேமிலும் மாட்டலாம் என்பது வேறு விஷயம், அது கணக்கில் வரும்.) இரண்டாவது பாடம், புத்தக மதிப்பு. பதினைந்து வருஷத் தேய்மானத்துக்குப் பிறகு அந்தச் சைக்கிளின் மதிப்பு ஏட்டில் பூஜ்யம். "இதோட மதிப்பே ஐந்நூறு, இதுக்கு எழுநூறு செலவா?" என்று கேட்பவர்கள் இந்தப் பூஜ்யத்தைப் பார்த்துதான் கேட்கிறார்கள். ஆனால் ஒப்பிட வேண்டியது விற்றால் வரும் விலையோடு அல்ல. இது இல்லாவிட்டால் இதே வேலையைச் செய்ய என்ன செலவாகும் என்பதோடு.

ஒரு உதாரணம், எண்கள் வெறும் கணக்குக்காக. கிரில் பட்டறை ஒட்டு 200 ரூபாய், நான்கு மாதம் தாங்குகிறது. பித்தளை வேலை 700 ரூபாய், மூன்று வருஷம் தாங்குகிறது. வேறு ஃபிரேம் வாங்கிப் பாகங்களை மாற்ற 2,400 ரூபாய், பத்து வருஷம். மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள். முதலாவது 50 ரூபாய். இரண்டாவது 19 ரூபாய் சொச்சம். மூன்றாவது 20 ரூபாய். மலிவு என்று நினைத்ததுதான் இரண்டரை மடங்கு விலை! பித்தளையும் புது ஃபிரேமும் ஏறக்குறைய சமம். அப்படிச் சமமாக வரும்போது தீர்மானிப்பது ரூபாய் இல்லை, விட்டால் என்ன ஆகும் என்பதுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் புத்தகம் சொல்லாத ஒரு ஓட்டை இருக்கிறது. 2,400 ரூபாய் கையில் இருப்பவருக்குத்தான் மாதம் 20 ரூபாய். கையில் 200 மட்டுமே இருப்பவர் மாதம் 50 ரூபாய் கட்டித்தான் ஆக வேண்டும். அவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. அவருக்கு அந்த ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. உடைந்த ஃபிரேமை மூன்றாம் முறை பற்ற வைத்து ஓட்டுபவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எந்த ஃபிரேம் என்பதும் முக்கியம். இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் கம்பெனி 1935-ல் கொண்டுவந்த '531' குழாயில் செய்த பழைய பந்தய சைக்கிள் என்றால், மெல்லிய இடத்தில் குழாய் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைக் கிரில் பட்டறைக்குக் கொண்டு போவது பாவம். ஆனால் தேர்ந்த கையில் குழாய் மாற்றச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது, அதேபோல் இன்னொன்று எளிதில் கிடைக்காது. நம் ஊர்ப் பெரிய கருப்பு சைக்கிள் வேறு ஜாதி. தடித்த சாதாரண இரும்பு. எத்தனையோ கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே அளவில் செய்ததால் பாகங்கள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும். அட்லஸ் கம்பெனி 2020 ஜூன் 3-ஆம் தேதி, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, சாஹிபாபாத் ஆலையில் வேலையை நிறுத்தியது. ஆனாலும் வீட்டில் நிற்கும் அட்லஸ் அநாதையாகிவிடவில்லை. இந்தப் பொருத்தமே இந்தச் சைக்கிளுக்குப் பலம். ஒரு ஃபிரேம் போனால் மற்ற அத்தனையும் அடுத்த ஃபிரேமில் வாழும்.

சுக்குமல்லி காபிக்காரர் கணக்கு

மதுரையில் சாயங்காலமானால் சைக்கிளில் சுக்குமல்லி காபி விற்பவர்களைப் பார்க்கலாம். அப்படி ஒருவர். கேரியரில் கேன், அதற்கடியில் கரி அடுப்பு, பக்கத்தில் தண்ணீர் வாளி, கப்புகள். எல்லாம் சேர்ந்து முப்பது கிலோவுக்குக் குறையாது. அத்தனையும் பின்பக்கத்தின் மெல்லிய குழாய்கள் மேல்.

ஒரு வாரமாகப் பின்னால் ஏதோ கீச்சென்றது. எண்ணெய் விட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. கடையில் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது, இடதுபக்கக் கீழ்க்குழாயில் ஆக்சில் காடிக்கு அருகே விரிசல். ஏற்கெனவே ஒருமுறை கிரில் பட்டறையில் பற்ற வைத்த மேடு அங்கே இருந்தது. விரிசல் மேட்டில் இல்லை, ஒரு நகக்கண் தள்ளி.

"மறுபடி பத்த வச்சுக் குடுத்திரு தம்பி."

"பத்த வைக்கிறது கஷ்டமில்லண்ணே. அது நிக்கும், பக்கத்துல விடும். பாருங்க, போன தடவையும் அதானே நடந்திருக்கு."

"ஒரு மாசம் தாங்குமா? பொங்கல் வரைக்கும் ஓட்டிக்கிறேன்."

"தாங்கலாம். தாங்கலேன்னா கேன்ல இருக்கிறது யார் மேல கொட்டும்னு மட்டும் யோசிச்சுக்கங்க."

அவர் பதில் சொல்லவில்லை. சுற்றி நின்று காபி குடிப்பவர்களில் பிள்ளைகளும் உண்டு. கேன் நிறையக் கொதிக்கிற காபி, அடியில் நெருப்பு. இந்த ஒரு வாக்கியத்தில் கணக்கே மாறிவிட்டது. அதுவரை ஃபிரேம் என்பது 200 ரூபாயா 2,000 ரூபாயா என்ற கேள்வி. இப்போது அது வேறு யாரோ ஒருவரின் உடம்பு பற்றிய கேள்வி. வெறும் ஆளை மட்டும் சுமக்கும் சைக்கிளாக இருந்தால் பித்தளை வைத்து ஓட்டியிருக்கலாம். அதே விரிசல், அதே இடம், அதே கடைக்காரர். சுமையும் சுமப்பதும் வேறு என்பதால் தீர்ப்பும் வேறு.

புது ஃபிரேமுக்குக் கையில் பணமில்லை. கடைக்காரரே வழி சொன்னார். காயலான் கடையில் முன்சக்கரமும் ஃபோர்க்கும் நசுங்கி வந்த ஒரு சைக்கிள், ஃபிரேம் தப்பித்திருக்கிறது என்றார். இருவரும் போய்ப் பார்த்தார்கள். தலைக்குழாய்க்குப் பின்னால் தடவிப் பார்த்தார் கடைக்காரர். நூல் கட்டிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முன்சக்கரம் பக்கவாட்டில் மிதிபட்டுத்தான் நசுங்கியிருந்தது, நேர் மோதல் இல்லை. சரி என்றார். மறுநாள் ஒரு சாயங்கால வியாபாரம் போனது. அதற்கடுத்த நாள் அதே சக்கரம், அதே ஹேண்டில்பார், அதே கேரியர், வேறு ஃபிரேம்.

பழைய ஃபிரேமை எடைக்குப் போடும் முன்னால் அதன் பாரில் மாட்டியிருந்த குட்டி சீட்டை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன சீட்டு. மகள் இப்போது கல்லூரியில். சீட்டை என்ன செய்யப்போகிறார் என்று கடைக்காரர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாசத்துக்கு எங்கே இடம்?

கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டோம். பாசத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னது அது பொய்யானது என்பதால் அல்ல. நம் ஊரில் சைக்கிள் மேல் இருக்கும் பாசத்துக்கு நல்ல காரணங்கள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம், பாரில் குழந்தையை உட்கார வைத்துக் கூட்டிப் போகலாம் என்பதால். 2000களில் தொடங்கி 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு அரசு கொடுத்த சைக்கிள்தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளையின் பெயருக்கென்று வந்த முதல் வண்டி. அந்த ஃபிரேமை எடைக்குப் போட மனம் வராவிட்டால் அது பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை.

ஆனால் பாசத்தைப் பணக்கணக்குக்குள் ஒளித்து வைக்காதீர்கள். "சரி பண்ணினா இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு 3,000 ரூபாய் செலவழிப்பது ஒரு வகை. "ஓடுதோ இல்லையோ, இது எங்க அப்பா சைக்கிள், நிக்கட்டும்" என்று செலவழிப்பது இன்னொரு வகை. இரண்டாவது நேர்மையானது. கோயிலுக்குக் கொடுப்பதைப் போல அதற்கு லாப நஷ்டம் பார்க்க வேண்டியதில்லை. முதலாவதில்தான் ஆபத்து. பத்து வருஷம் ஓடும் என்று நம்பிவிட்டால் ஓட்டவும் ஆரம்பித்துவிடுவோம், பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்தும் ஓட்டுவோம். முதல் கேள்விக்கு 'வேண்டாம்' என்று பதில் வந்த ஃபிரேமைப் பாசத்தால் ஓட வைக்க முடியாது. துடைத்து, பெயின்ட் அடித்து, சுவரில் மாட்டி வைக்கலாம். அதற்கும் மரியாதைதான்.

அப்படியானால் முடிவு எடுக்கும் வரிசை இவ்வளவுதான். எங்கே விட்டிருக்கிறது என்று கண்ணாலும் விரலாலும் நூலாலும் பாருங்கள். ஃபோர்க்கிலோ, மக்கிய இரும்பிலோ என்றால் விலையே கேட்க வேண்டாம். மூட்டு விரிசல் என்றால் அந்தச் சைக்கிள் எதைச் சுமக்கிறது என்று கேளுங்கள். பிறகு விலையை மாதத்தால் வகுங்கள். எல்லாம் பார்த்த பின்னும் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மனசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போங்கள். பாசம் தீர்ப்பு சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

இன்னொன்று. இரும்பு சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் உடையும். முதலில் ஒரு கீச்சொலி, அப்புறம் பெயின்ட்டில் ஒரு கோடு, அப்புறம் கோட்டில் துரு. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் ஃபிரேமை மூட்டு மூட்டாகத் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள். பத்து நிமிஷம் போதும். சீக்கிரம் பார்த்த விரிசலுக்குப் பித்தளையே போதும். பார்க்காமல் விட்டதற்குத்தான் பேரீச்சம்பழம்.